சுவரில் சாய்த்த கயிற்றுக் கட்டில்

போன வாரம் நம் குரூப்பில் ஒருத்தி கேட்டிருந்தாள்: "ஏண்டி, நாமெல்லாம் எதுக்குப் பாறை மேல போயி உக்காந்து ஒப்பாரி வெச்சோம்?" உடனே ஆளுக்கொரு சிரிக்கிற பொம்மையைப் போட்டீர்கள். ஒருத்தி, பேய் ஓட்டுவதற்கு என்றாள். இன்னொருத்தி, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதித்தாள். மாத்திரையின் பெயர்கூட மறந்துபோகிற வயதுதான் நமக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காற்றுக் காலத்தை மறந்தால் எனக்கு உண்ட சோறு செரிக்காது. நடந்தது எங்கள் வீட்டில். அதனால் நானே சொல்கிறேன். நடுவில் யாரும் குறுக்கே விழாதீர்கள். திருத்தம் இருந்தால் கடைசியில் சொல்லுங்கள்.

நம் பக்கத்து மார்கழிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோயமுத்தூர்ப் பக்கமிருந்து இரண்டு மலைக்கும் நடுவில் புகுந்து பாலக்காட்டுக்குள் வரும். பனையோலை எல்லாம் மேற்கே பார்த்துப் படிந்து கிடக்கும். காயப்போட்ட பாவாடையைப் பக்கத்து ஊர்ச் சோளக்காட்டில் போய்ப் பொறுக்கி வந்திருக்கிறோம். வாசலில் போட்ட கோலம் வெயில் ஏறுவதற்குள் காணாமல் போகும். அம்மா தினமும் அந்தக் காற்றைத் திட்டிக்கொண்டே கோலம் போடுவாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஓய்ந்ததும் வாயனசாலைக்காரர்கள் கூடினார்கள். நம் ஊரில் யார் அதை நூலகம் என்று சொன்னார்கள்? பிள்ளைகள் ஸ்கூலில் மலையாளப் பாட்டும் இந்திப் பாட்டும் பாடுகிறார்கள், நம் பாட்டு ஒன்றும் வாயில் வரவில்லை, அதனால் பொங்கல் வரைக்கும் ஒரு நாட்டுப்பாட்டுப் பள்ளிக்கூடம் நடத்துவோம் என்று முடிவாயிற்று. கடலைக்காய் குடோன் காலியாகக் கிடந்தது. வாயனசாலை செக்ரட்டரி மாமா எங்கிருந்தோ ஓர் ஆர்மோனியம் கொண்டுவந்து வைத்தார். திறந்தால் உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. மறுபடி மூடிவிட்டோம். கடைசிவரை அது எலிகளின் வீடாகவே இருந்தது. குடோன் சுவர் இடுக்கில் பழைய கடலைக்காய் கிடைக்கும். பாடிக்கொண்டே அதை உடைத்துத் தின்றோம். இன்றைக்கும் எங்கேயாவது கும்மிப் பாட்டு காதில் விழுந்தால் என் வாயில் அந்தச் சொத்தைக் கடலையின் கசப்பு வருகிறது.

சொல்லித்தர வந்தவளுக்கு நம் மூத்த அக்கா வயதுதான் இருக்கும். இடுக்கியில், காந்தலூருக்கும் மேலே ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். கொழுந்து கிள்ளும் பெண்களோடு நின்று பாடிப் பாடியே பாட்டுச் சேர்த்தவள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. நாம் அவளைப் பாட்டக்கா என்றோம். குளிர் மலையிலிருந்து வந்தவளுக்கு நம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, காற்று அதைவிட ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் இலையில் வைத்த அப்பளம் பறந்துபோய்ச் செக்ரட்டரி மாமாவின் தோளில் ஒட்டிக்கொண்டது. அவள் சாப்பாட்டை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்க மலையில மழ வந்து சோத்தக் கெடுக்கும். இங்கன காத்து சோத்தையே தூக்கிட்டுல்லா போவுது!"

அவளுக்கு வீட்டு முறை வைத்துச் சாப்பாடு. ஒரு நாள் உங்கள் வீட்டு அரிசிம்பருப்புச் சோறு, ஒரு நாள் எங்கள் வீட்டுக் கொள்ளுப் பருப்பு. பரிமாறுகிறவர்களைச் சும்மா விடமாட்டாள். "நெல்லுக் குத்தும்போது என்ன பாடுவீக?" என்று பிடுங்குவாள். முதலில் வெட்கப்பட்ட நம் அம்மாமார்கள் அப்புறம் பாத்திரத்தைக் கழுவப் போட்டுவிட்டுக் குடோன் வாசலுக்கே வந்துவிட்டார்கள். மாடு கறந்த கையோடு வருவார்கள். புளியம்பழம் தட்டிக்கொண்டே பாடுவார்கள். எங்கள் அம்மாவுக்கு அவ்வளவு பாட்டுத் தெரியும் என்று எனக்கு அந்த மாதம்தான் தெரிந்தது. அப்பாவுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தாலாட்டு முடிந்தது. நடவுப் பாட்டு முடிந்தது. கும்மிக்குக் கால் பழகியது. ஒருநாள் பாட்டக்கா சாவகாசமாக, "நாளைக்கு ஒப்பாரி தொடங்குதோம்" என்றாள். அவ்வளவுதான், குடோன் வாசல் சந்தைக்கடை ஆகிவிட்டது.

"சாவு உளுகாத எடத்துல ஒப்பாரி வெச்சா, சாவு தடம் கேட்டு வந்து உளுந்துருமுங்க" என்றாள் என் அம்மா. அவள் பயந்ததற்குக் காரணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

"அப்பம் அதை எப்பதான் படிக்க? செத்த வீட்டுல போயி சிலேட்டோட உக்கார முடியுமா?" என்றாள் பாட்டக்கா. "தாலாட்டுல தொடங்கி ஒப்பாரியில முடியுது மனுசன் பாட்டு. கடைசிப் பாடத்த மட்டும் வேண்டாம்னா எப்பிடி?"

செக்ரட்டரி மாமா நியாயஸ்தர். இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு ஒரு வழி சொன்னார். ஊருக்கு மேற்கே, சோளக்காடு தாண்டி, மொட்டைப் பாறை இருக்கிறதே, அங்கே போய்ப் பாடட்டும். ஊர்க் காதுக்கு எட்டாது. ஒரு வீட்டு வாசலிலும் படாது. எல்லாரும் சரி என்றார்கள். நம் ஊருக்கு எட்டாத இடம் எது என்று பார்த்தார்களே தவிர, பாறைக்கு அந்தப்புறம் யாருக்கு எட்டும் என்று ஒருவரும் பார்க்கவில்லை. பெரியவர்கள் கூடி யோசித்தால் இப்படித்தான். இப்போது நாமே பெரியவர்களாகி, நாமும் இப்படித்தான் யோசிக்கிறோம்.

பாறைக்கு அந்தப்புறம் என் அத்தையின் ஊர்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவளும் அப்பாவும் பேசி அப்போது சில வருஷங்கள் ஆகியிருந்தன. காரணம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். என் சித்தப்பா கல்யாணம் பொள்ளாச்சிப் பக்கம் பெண் வீட்டில் நடந்தது. மாப்பிள்ளையோடு பிறந்தவள் பக்கத்தில் நின்று செய்கிற இணைச்சீர் நம் கல்யாணங்களில் எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும். அதைச் செய்ய வேண்டியவள் அத்தை. அவளைக் காணோம். முகூர்த்தம் போகிறது என்று பெண் வீட்டார் முணுமுணுக்க, அப்பா ஒரு பெரியப்பா மகளை நிறுத்திச் சீரை முடித்துவிட்டார். அத்தை சீர்த் தட்டோடு உள்ளே வந்தபோது அவள் நிற்க வேண்டிய இடத்தில் இன்னொருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

அத்தை தட்டைக் கீழேகூட வைக்கவில்லை. "என்ற எடத்துல இன்னொருத்திய நிறுத்தீட்டியல்லோ? இனி உன்ற ஊட்டு வாசல மிதிக்க மாட்டேன். உன்ற சாவுக்கும் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். நம் ஊரில் அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

சோளக்காட்டு வழியாக நடந்தால் காபி ஆறுவதற்குள் போய்விடலாம். அந்தத் தூரத்தில் இரண்டு வீடும் பேசாமல் கிடந்தன.

அந்த வருஷம் மழை மாதத்தில் அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நீர் எடுத்துவிட்டு, உடம்பு பாதியாகி வீட்டுக்கு வந்தார். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருப்பார். பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஆரஞ்சையும் ரொட்டியையும் நாங்கள்தான் தின்று தீர்த்தோம். ஊரே வந்தது. அப்பா எல்லாரிடமும் பேசுவார், ஆனால் கண் மேற்குத் தடத்தில்தான் இருக்கும். மழைக்கு எங்கள் செவலைக் காளையும் செத்துப்போனது. அதற்குக்கூட அவர் அவ்வளவு வாடவில்லை.

"ஏனுங்க, உங்கக்காளுக்குச் சொல்லி உடட்டுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"வேண்டாம். வரோணும்னு இருந்தா அவளுக்குத் தடம் தெரியாதா?" பிறகு சிரித்துக்கொண்டே, "சாவுக்கு வருவாளா மாட்டாளான்னு நான் எந்திரிச்சா பாக்கப் போறேன்?" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அவளுக்குச் சாவு என்ற சொல்லே ஆகாது. குடோன் வாசலில் அவள் அப்படிப் பேசியது அதனால்தான்.

இப்போது பாறைக்கு வாருங்கள். காலையில் போய், வெயில் ஏறுமுன் திரும்புவோம். எழவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள் மாதிரி வாய்க்காலில் கால் கழுவி, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டுதான் ஊருக்குள் வர வேண்டும் என்பது அம்மாமார்களின் கட்டளை. தெரு முக்கில் மஞ்சள் தண்ணீரோடு ஒருத்தி காவலுக்கு நிற்பாள். சளி பிடித்ததுதான் மிச்சம். பாட்டக்காவும் சிலுவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நம்மோடு சேர்ந்து தலையைக் காட்டுவாள்.

உயிரோடு இருக்கிற யாரையும் நினைத்துப் பாடக் கூடாது என்பது அவளுடைய சட்டம். "போனது எதாச்சும் இருக்கும்லா, அதுக்குப் பாடுங்க." ஒருத்தி கீரி தின்ற கோழிக்குப் பாடினாள். ஒருத்தி திருவிழாவில் தொலைந்த ஒற்றைக் கொலுசுக்கு. நான் செவலைக்குப் பாடினேன். பாடும்போது நிஜமாகவே அழுதுவிட்டேன். அதனால் என் பாட்டையே எல்லாருக்குமான பாட்டாக அவள் எடுத்துக்கொண்டாள். நீங்கள் எல்லாரும் என் மாட்டுக்காகத்தான் அழுதீர்கள், ஞாபகம் வருகிறதா?

மேட்டாங்காடு உழுதவனே
மெரளாத செவலையே
நீ எறச்ச தண்ணியில
நெல்லு வந்து நிக்குதே
நிக்குதே பயிரெல்லாம்
நீ போன எடமெங்கே

முதலில் சில நாள் அடியைச் சொல்லி, ராகத்தை வாய்க்குள்ளேயே மடித்துப் பழகினோம். "அழுகை வேற, ஒப்பாரி வேற, பிள்ளேளா" என்பாள் பாட்டக்கா. "அழுகை மூக்கச் சிந்துனா போயிரும். ஒப்பாரியில சேதி இருக்கணும். வாய் தெறந்து சொல்லாம வச்சிருந்ததச் சொல்லணும்." நமக்கு அது அப்போது என்ன புரிந்தது? கடலைக்காய்தான் புரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். பாட்டக்கா ஊருக்குப் போகாமல் நம்மோடே இருந்துவிட்டாள். குடோன் வாசலில் அவள் கட்டிய காகித நட்சத்திரம் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. அன்றைக்குப் பாறையில் அவள் சொன்னாள்: "இன்னைக்குத் தொண்டையத் தெறங்க. யாரும் சத்தத்த முழுங்கக் கூடாது."

திறந்தோம். வட்டமாக உட்கார்ந்து, தோளில் தோள் சாய்த்து, காற்று போகிற மேற்குப் பக்கமே முகம் வைத்துப் பாடினோம். நம் சத்தம் நமக்கே பயமாக இருந்தது. பாறை இடுக்கில் இருந்த மைனாக்கள் எழுந்து பறந்தன.

முடித்துவிட்டு வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் வண்டித் தடத்தில் பெண்கள் கூட்டம் ஒன்று வருவதைப் பார்த்தோம். எல்லார் தலையும் அவிழ்ந்திருந்தது. முன்னால் வந்தவள் மார்பில் அடித்துக்கொண்டு, தடுக்கித் தடுக்கி ஓடிவந்தாள். பின்னால் ஒரு மாமா கக்கத்தில் துணிப் பொட்டலத்தோடு. அவர்கள் எங்கள் வீட்டுச் சந்துக்குள் திரும்பினார்கள்.

முன்னால் வந்தவள் என் அத்தை.

சாவுக்கும் வரமாட்டேன் என்றவள் வருகிறாள். அப்படியானால் அப்பா இல்லை. நான் பாறையில் உட்கார்ந்து மாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா போய்விட்டார். அம்மா சொன்ன மாதிரியே சாவு தடம் கேட்டு வந்துவிட்டது. இதையெல்லாம் நான் இப்போது கோத்துச் சொல்கிறேன். அப்போது என்னால் "அப்பா" என்ற ஒரு சொல்தான் சொல்ல முடிந்தது. பாட்டக்கா என் கையைப் பிடித்தாள். ஓடினோம். நீங்களும் ஈரப் பாவாடையோடு பின்னால் ஓடிவந்தீர்கள்.

வாசலில் போய் நின்றால், வேப்பமரத்தடியில் கட்டில் இல்லை. அது சுவரில் நிமிர்த்திச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சாவு எடுத்த வீட்டில்தான் கட்டிலை அப்படி நிறுத்துவார்கள். அத்தையும் அதைத்தான் பார்த்தாள். பார்த்ததும் நின்ற இடத்திலேயே சரிந்து, கட்டில் காலைக் கட்டிக்கொண்டு, "மொகங்கூடப் பாக்க உடாம எடுத்துட்டாங்களே!" என்று அலறினாள். அப்படியே அது பாட்டாக மாறியது. எந்த இடத்தில் அலறல் முடிந்து பாட்டுத் தொடங்கியது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இடுப்புல நான் சொமந்த
எளஞ்சிங்கம் நீயல்லோ
எறக்கி உட்ட எடத்துலயே
இருப்பாயின்னு நானிருந்தேன்

கோவத்துல கதவடச்சேன்
கொண்டியும் போட்டு வெச்சேன்
தம்பி வந்து தட்டுவான்னு
தாப்பாளண்ட காத்திருந்தேன்
தட்டாமப் போனாயோ
தங்கமே என் பொறப்பே

நான் அம்மாவைத் தேடினேன். அம்மா வீட்டு மூலையில், கையில் வெந்நீர்ச் செம்போடு, வாய் திறந்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், இடுப்பில் ஈரத் துண்டோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, அப்பா நின்றார்.

உயிரோடு. நெஞ்செலும்பெல்லாம் தெரிய, குளிரில் நடுங்கிக்கொண்டு, உயிரோடு.

நடந்தது இவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அன்றுதான் அப்பாவுக்குத் தலைக்குத் தண்ணீர் வார்க்கலாம் என்று அம்மா முடிவு செய்திருந்தாள். அவர் எழுந்த நேரத்தில் மூட்டைப்பூச்சிக்காகக் கட்டிலில் கொதிநீர் ஊற்றி, காய்வதற்குச் சுவரில் சாய்த்திருந்தாள்.

அம்மா, "ஐயோ, நிறுத்துங்க" என்று கத்தப் போனாள். அப்பா அவள் தோளைத் தொட்டுத் தடுத்தார். தலையை மெல்ல ஆட்டினார். பாடட்டும் என்று அர்த்தம். தனக்கு வைத்த ஒப்பாரியை அவர் நின்று கேட்டார், நடுவில் ஓர் அடிகூட விடாமல். அவர் முகத்தில் வழிந்தது தலைத் தண்ணீரா வேறா என்று எனக்குத் தெரியாது. கூட்டத்தில் ஒருத்தி அவரைப் பார்த்துவிட்டாள். பிறகு இன்னொருத்தி. ஒவ்வொரு வாயாக அடங்கியது. கண்ணை மூடிக் கட்டில் காலில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்த அத்தைக்கு மட்டும் தெரியவில்லை. மறுபடியும் "தட்டாமப் போனாயோ" என்று வந்தாள்.

அப்பா நடந்துபோய், கட்டில் சட்டத்தில் விரல் முட்டியால் தட்டினார். டொக், டொக்.

"தட்டீட்டேன். கொண்டிய எடுக்கா."

அத்தை தலையை நிமிர்த்தினாள். அவரைப் பார்த்தாள். துண்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தாள்.

"எடுபட்டவனே! நீ சாவலியா?"

"இன்னுமில்லக்கா. தண்ணி வாக்கப் போயிருந்தேன்."

மாமாவின் கக்கத்திலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி, அதாலேயே அப்பாவின் முதுகில் அடி அடி என்று அடித்தாள். "மெல்லங்க, நெஞ்சு நோவுக்காரர்" என்று அம்மா குறுக்கே விழுந்தாள். அத்தை இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு மறுபடி அழுதாள். இந்தத் தடவை ராகம் இல்லை. வெறும் மூக்குச் சிந்துகிற அழுகை.

யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அத்தை ஊரில் கள் இறக்குகிற ஒருவர் காலையில் பனை உச்சியில் இருந்திருக்கிறார். கீழே இருப்பவர்களுக்குக் கேட்காதது மேலே கேட்டிருக்கிறது. வார்த்தை ஒன்றும் போய்ச் சேரவில்லை, ராகம் மட்டும் போயிருக்கிறது. கீழைக்காட்டுப் பக்கம் ஒப்பாரிச் சத்தம், நிறையப் பேர் என்று இறங்கிவந்து சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் நோவோடு படுத்திருப்பது யார் என்று அத்தைக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போன நாள், நீர் எடுத்த நாள், வீட்டுக்கு வந்த நாள், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

பாட்டக்காவுக்கு முகம் வெளிறிப்போய்விட்டது. "அது செவலக் காளைக்குப் பாடினதுங்க" என்று திக்கித் திணறிச் சொன்னாள். அத்தை அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாட்டுக்கா? மாட்டுக்கு இத்தன நல்லாவா பாடுவாங்க?" என்றாள்.

பொட்டலத்தில் இருந்தது ஒரு பட்டுக்கரை வேட்டி. கோடி போடக் கொண்டுவந்தது. ஆனால் அன்று வாங்கியது இல்லை. மடிப்பெல்லாம் மஞ்சள் படிந்திருந்தது. சித்தப்பா கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அண்ணனுக்கும் ஒன்று இருக்கட்டும் என்று அப்பாவுக்காக எடுத்து, சீர்த் தட்டில் வைத்திருந்து, அப்படியே திருப்பிக்கொண்டு போய்ப் பெட்டியில் போட்ட வேட்டி. சாவுக்கென்று கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போகவும் கூடாது, உயிரோடிருக்கிறவர் கட்டவும் கூடாது என்று பெண்கள் தர்க்கம் பண்ணினார்கள். அப்பாவுக்குக் குளிர். வாங்கிக் கட்டிக்கொண்டுவிட்டார்.

"அன்னிக்கு நான் காத்திருந்திருக்கோணும்க்கா" என்றார்.

"பஸ்ஸு வழியில நின்னு போச்சு. நடந்து வந்தேன். அதச் சொல்லாம வாயில வந்ததச் சொல்லீட்டுப் போயிட்டேன்" என்றாள் அத்தை.

பஸ் நின்றது அப்பாவுக்கு அன்றுவரை தெரியாது. வேண்டுமென்றே தாமதமாக வந்தாள் என்று அவர் நினைத்திருக்கிறார். வேண்டுமென்றே காத்திருக்கவில்லை என்று அவள் நினைத்திருக்கிறாள். ஒரு வாக்கியம் பேசியிருந்தால் முடிந்திருக்கும் காரியம். பேசுவதற்கு ஒரு மாடு சாக வேண்டியிருந்தது.

இதற்குள் தெரு முனையில் இன்னொரு கூட்டம். அத்தையோடு வந்த மாமா வழியில் பொறுப்பாக மேளக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவர்கள் தப்பும் உருமியுமாக வந்து நின்று, செத்தவரே கட்டிலை இறக்கிப் போடுவதைப் பார்த்து விழித்தார்கள். "வந்தவங்களச் சும்மா அனுப்பாதீங்க" என்றார் அப்பா. "சாவுக்கு அடிக்கற அடி வேண்டாம். கோயில் நோம்பிக்கு அடிக்கற அடி போடுங்க."

காய்ந்த பனையோலையைக் கொளுத்தித் தப்புக்குச் சூடு காட்டினார்கள். தோல் இறுகி, முதல் அடி விழுந்ததும் என் பயம் கரைந்து போனது. பாட்டக்கா கைதட்டி அடி எடுத்துக் கொடுக்க, நாம் எங்கள் வாசலில் கும்மி கொட்டினோம். அம்மாவும் சேர்ந்தாள். அவிழ்ந்த தலையை அள்ளி முடிந்துகொண்டு அத்தையும் சேர்ந்தாள். எழவுக்கு வந்த கூட்டம் எங்கள் வீட்டில் பொங்கித் தின்றுவிட்டுப் பொழுதோடு திரும்பியது. போகும்போது ஒரு கிழவர், "செத்தான்னு பொய்ச் சேதி வந்தவனுக்கு ஆயுசு கெட்டி" என்று அப்பாவுக்குத் திருநீறு பூசிவிட்டுப் போனார்.

மறுநாளே அப்பா செக்ரட்டரி மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "புள்ளைங்களப் பாறைக்கு அனுப்ப வேண்டாம். என்ற வாசல்லயே பாடட்டும். எனக்கு வெச்சாச்சு, இனி இந்த ஊட்டுக்கு என்ன பயம்?" அன்றிலிருந்து பொங்கல் வரை பள்ளிக்கூடம் எங்கள் வேப்பமரத்தடியில் நடந்தது. பாட்டக்காவுக்கு அம்மா கிறிஸ்துமஸுக்குக் கச்சாயம் சுட்டுக் கொடுத்தாள். அத்தை நாள் தவறாமல் சோளக்காட்டு வழியாக வந்து, நாம் ராகத்தை இழுக்கும் இடத்தில் "இன்னும் ரவ்வோண்டு இழு" என்று திருத்துவாள். செவலைப் பாட்டை விட்டுவிட்டு அவள் பாட்டையே நாம் படித்தோம். ஆண்டு விழாவில் அவளை மேடையேறச் சொன்னதற்கு மட்டும், "மேடை போட்டு அழுவாங்களாக்கும்?" என்று மறுத்துவிட்டாள். நாம் பாடினோம். அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து தன் ஒப்பாரியைக் கேட்டாள். பக்கத்தில் அப்பா, அந்த வேட்டியோடு.

பொங்கல் கழிந்து பாட்டக்கா மலையேறினாள். காகித நட்சத்திரத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அது எந்த மழையில் கரைந்ததோ தெரியவில்லை.

அப்பாவுக்கு ஆயுசு கெட்டியாகத்தான் இருந்தது. அத்தை வீட்டுக்கு எப்போது போனாலும், கதவு விரியத் திறந்திருந்தாலும், நிலையில் டொக் டொக் என்று தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். "வந்துட்டானா தட்டறவன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அத்தை போன அன்றும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனவர் பழக்கத்தில் நிலையில் தட்டினார். குரல் வராததும் அங்கேயே நின்றுவிட்டார். நான்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன்.

பிறகு அப்பாவின் முறை வந்தது. கோயமுத்தூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் மூணாறிலிருந்தும் நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். முட்டி வலியோடு, நரைத்த தலையோடு, ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தீர்கள். தம்பிக்குப் பாட அக்கா இல்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை. தோளில் தோள் சாய்த்து அத்தையின் பாட்டைத் தொடங்கினோம். கோவத்துல கதவடச்சேன், கொண்டியும் போட்டு வெச்சேன். ராகம் நம் தொண்டைக்குள் பத்திரமாக இருந்தது. "தட்டாமப் போனாயோ" என்ற அடிக்கு வந்தபோது எனக்குக் குரல் நின்றுவிட்டது. அந்த அடி பொய். அவர் தட்டினார், நான் பார்த்தேன். அந்தப் பொய்யை அவர் தலைமாட்டில் உட்கார்ந்து என்னால் பாட முடியவில்லை.

அப்போது என் இடப்பக்கம் இருந்தவள் அந்த அடியை எடுத்தாள். இழுக்க வேண்டிய இடத்தில் இன்னும் ரவ்வோண்டு இழுத்து, அடியை மாற்றிப் பாடினாள்.

தட்டீட்டுப் போனாயே
தங்கமே என் பொறப்பே

அது நீதானடி. போன வாரம் குரூப்பில் கேள்வி கேட்டவளே, நீதான் பாடினாய். பாறை மேல் போய் எதற்கு அழுதோம் என்று கேட்டாய் அல்லவா? அன்றைக்கு உன் வாயில் அந்த அடி வருவதற்குத்தான்.